அம்மாவுக்குப் பக்கத்தில் ஆறடி இடம்

தமிழ்நாட்டின் கத்தோலிக்க, தென்னிந்திய, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளின் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தோத்திரம்.

என் அப்பா பங்குச் சாமியாரைப் பார்த்தால் இந்தச் சொல்லைத்தான் சொல்வார். அம்மா தன் சபைக் குருவான ஐயரைப் பார்த்தாலும் இதேதான். எங்கள் வீட்டின் இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்த சொற்கள் அதிகமில்லை. அதனால் இதிலேயே தொடங்குகிறேன்.

உங்களை எப்படி விளிப்பது என்பதிலேயே எனக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்துக்கே தலைவர். சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் பல இடங்களில் ஆயர் என்றால் ஒரு சபையைக் கவனிக்கும் குருவானவர். பேராயர் என்பவர் ஒரு பக்கம் ஆர்ச்பிஷப், இன்னொரு பக்கம் பிஷப். சபைகள் ஒன்றாவதைச் சொல்வதற்கே நம்மிடம் இரண்டு சொல் இருக்கிறது. அப்பா வீட்டார் ஒன்றிப்பு என்பார்கள், அம்மா வீட்டார் ஐக்கியம் என்பார்கள். யாருடைய பட்டத்தையாவது தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இறையியல் படித்ததில்லை. நான் கேட்கப்போவதும் பெரிய இறையியல் இல்லை. புதைக்கிற இடத்தைப் பற்றியது.

அப்பா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர்; அம்மா சி.எஸ்.ஐ. இருவரும் தென்மாவட்டத்துக்காரர்கள், ஒரே சாதி. சாதியை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் புரியும். கல்யாணம் அப்பாவின் பங்குக் கோயிலில் நடந்தது. அதற்கு மேலிடத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறக்கும் பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை மதித்து அம்மா எங்களைக் கோயிலுக்கு அனுப்பினார். ஆனால் தன் சபையை அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் ஒன்றாக வீட்டை விட்டுக் கிளம்புவோம். பால் டிப்போ முக்கு வந்ததும் அம்மா மட்டும் இடது பக்கம் திரும்பி, கையில் வேதாகமத்தோடு தன் ஆலயத்துக்கு நடப்பார். நாங்கள் நேராகப் போவோம். சின்ன வயதில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ராத்திரி ஜெபம் மட்டும் ஒன்றாக. பரமண்டல மந்திரத்தில் அப்பா பழைய கத்தோலிக்கப் பாடத்தை விடமாட்டார். உம்முடைய நாமம் அர்ச்சிக்கப்படுவதாக என்பார். அம்மா பரிசுத்தப்படுவதாக என்பார். இரண்டு சொல்லும் ஒரே நேரத்தில் எழும்பி, அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்ளும். கடைசியில்தான் பிரச்சினை. தீமையிலிருந்து இரட்சிக்கச் சொல்லி அப்பா ஆமென் போட்டு நிறுத்திவிடுவார். அம்மா நிறுத்தமாட்டார். ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே என்று தொடர்வார். அந்த ஒரு வரி முடியும்வரை அப்பா கண்ணை மூடிக் காத்திருந்து, அம்மாவோடு சேர்ந்து இரண்டாவது ஆமென் சொல்வார். நான் பார்த்த முதல் சபை ஐக்கியம் அதுதான். அதைவிட நல்லதை இன்னும் பார்க்கவில்லை.

அம்மா முதலில் போனார். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. அன்றைக்கே அப்பா அதைப் பார்த்து வைத்துவிட்டார். எனக்கும் இங்கேதான் என்றார். ஏழு வருடம் கழித்து அவரும் போனபோது, ஃப்ரீசர் பெட்டியில் அவரைக் கிடத்திவிட்டு, நானும் தம்பியும் பைக்கில் ஒவ்வொரு கதவாகத் தட்டினோம். அம்மாவின் சபைக் கமிட்டியில் சொன்னார்கள்: அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் இல்லை, சந்தா கட்டியதில்லை, உங்களுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். அப்பாவின் பங்கில் சொன்னார்கள்: நமக்கென்று மந்திரித்த கல்லறை இருக்கும்போது அங்கே ஏன் கொண்டுபோகிறீர்கள்? யாரும் எங்களிடம் கடுமையாகப் பேசவில்லை. உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். விதியில் இடமில்லை என்றார்கள். மறுநாள் மாலை அப்பாவை அவருடைய கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் நடந்தால் பத்து நிமிடம். நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அப்பாவிடம் முதலில் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மீதி மெழுகுவர்த்திகளோடு அம்மாவிடம் நடக்கிறோம்.

அந்த ஆலயத்தின் பெயரையோ பங்கின் பெயரையோ எழுதமாட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. மேலே இருக்கும் நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் கேட்டைத் திறந்திருப்பார்கள்.

அப்பா இறந்த பிறகுதான் இந்த விஷயங்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தரங்கம்பாடிக் கூட்டம் பற்றி அப்போதுதான் தெரிந்தது. 1919 மே மாதத் தொடக்கத்தில், கடற்கரையில், 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற எல்லோரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர்கள் கூடிய இடமும் சும்மா கிடைத்த இடம் இல்லை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1706இல் வந்து இறங்கிய துறைமுகம் அது. தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அங்கேதான் அச்சேறியது. அந்தத் தரங்கம்பாடி லுத்தரன்களை எதிர்த்துத்தான் கத்தோலிக்கக் குருவான வீரமாமுனிவர் தன் அழகான தமிழில் கண்டன நூல்கள் எழுதினார். ஐரோப்பாவின் சண்டை தமிழில் நடந்த இடம் என்றே சொல்லலாம். அந்த மண்ணில் நின்றுகொண்டு இந்த 33 பேரும் ஓர் அறிக்கை எழுதினார்கள். அதன் சாரம் இது: இந்தப் பிரிவுகளை நாங்கள் உண்டாக்கவில்லை. வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை இவை. இவற்றை நீடிக்க விடவும் எங்களுக்கு விருப்பமில்லை.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எவ்வளவு நியாயமான பேச்சு! இங்கிலாந்து ராஜா ஒருவரின் கல்யாண வழக்கும், ஸ்காட்லாந்துக்காரர்களின் சபை ஆளுகைத் தகராறும் நாசரேத்திலும் மதுரையிலும் இருப்பவனுக்கு எதற்கு? எந்த மிஷனரி எந்த ஊரில் முதலில் வந்து இறங்கினார் என்பதுதான் நம்மில் பலருக்கும் சபையைத் தீர்மானித்திருக்கிறது.

அந்தக் கூட்டத்திலிருந்து 28 வருடம் பேச்சு நடந்தது. ஆங்கிலிக்கன்களும் மெதடிஸ்டுகளும், பிரஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனலிஸ்டுகளும் 1908இல் ஏற்கெனவே சேர்ந்து உருவாக்கியிருந்த ஐக்கிய சபையும் உட்கார்ந்து பேசினார்கள். பேராயர் வேண்டுமா வேண்டாமா என்பதிலேயே பல வருடம் போயிற்று. 1945 புத்தாண்டு நாளில் அசரியா இறந்துபோனார். 1947 செப்டம்பர் 27 அன்று, நாடு விடுதலை பெற்று ஆறு வாரம் ஆன நிலையில், சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. பேராயர் ஆளுகை உள்ள சபையும் இல்லாத சபைகளும் இப்படி ஒரே சபையாக இணைந்தது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை.

அதில் என்னைத் தொட்டது ஒரு முடிவு. இனிமேல் குருப்பட்டம் பேராயர்தான் கொடுப்பார் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்கு முன்பு பேராயர் கை வைக்காமல் ஊழியத்துக்கு வந்த குருமார் யாரையும், மறுபடி முழங்காலிடு, உனக்குத் திரும்பவும் பட்டம் தருகிறோம் என்று சொல்லவில்லை. உன் ஊழியம் செல்லும் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு விலையும் இருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே தாய்ச்சபையான இங்கிலாந்துத் திருச்சபை பல வருடங்கள் இவர்களைத் தள்ளி நின்று பார்த்தது. ஆந்திராவின் நந்தியாலில் ஒரு பகுதி ஆங்கிலிக்கன்கள் சேரவே மாட்டோம் என்று வெளியே நின்றார்கள். இவ்வளவும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள்.

லுத்தரன் சபைகள் வரவில்லை. பேச்சு வருடக்கணக்கில் நடந்து நின்றுபோனது. ஆனாலும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இரு தரப்புக் குருமாணவர்களும் 1969 முதல் ஒன்றாகப் படிக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யைப் பல சபைகள் சேர்ந்து நடத்துகின்றன. நோயாளியிடம் யாரும் சந்தாச் சீட்டுக் கேட்டதில்லை.

கத்தோலிக்கத் தரப்பிலும் பெரிய வாசல்கள் திறந்தன. 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருமுழுக்குப் பெற்ற பிற சபையாரைச் சகோதரர் என்று எழுதியது. லுத்தரும் ரோமும் எதற்காகப் பிரிந்தார்களோ அந்த விசுவாசத்தால் நீதிமானாவது பற்றியே 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் இரு தரப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார்கள். எங்கள் ஊரில் எந்தப் பிரசங்கத்திலும் நான் இதைக் கேட்டதில்லை. நம் தமிழிலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. கத்தோலிக்க அறிஞர்களும் பிராட்டஸ்டண்ட் அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்த வேதாகமம் 1995இல் வெளிவந்தது. அதற்காகக் கத்தோலிக்கர்கள் விட்டுக்கொடுத்தது கொஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வைத்த இராயப்பர், சின்னப்பர், அருளப்பர் என்ற பெயர்களை இறக்கிவைத்துப் பேதுரு, பவுல், யோவான் என்று வாசிக்கத் தொடங்கினார்கள். அப்பாவின் பெயரே அருளப்பன். ஆனால் அம்மாவின் பக்கத்தில் அந்தப் பொது மொழிபெயர்ப்பு பீடம் ஏறவில்லை. எனக்கு அதில் கோபமில்லை. கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார் என்ற பழைய வரியைச் சொல்லிக்கொண்டுதான் அம்மா கண்ணை மூடினார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து எடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக ஜெபிக்க நீங்கள் ஒன்றாகக் கூடும் அந்த ஒரு வாரத்திலாவது, குருத்தோலை ஞாயிறு அன்று சேர்ந்து ஊர்வலம் போகிற ஊர்களிலாவது, எல்லோரும் ஒரே பாடத்தில் பரமண்டல ஜெபம் சொல்லக்கூடாதா? என் அப்பா போல ஒரு வரி காத்திருந்தால் போதும்.

இப்போது சாதிக்கு வருகிறேன். தரங்கம்பாடியில் அவர்கள் சொன்னதை இன்று நாம் சொல்ல முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து சுமத்தப்பட்ட பிரிவுகளை இறக்கிவைக்க 28 வருடம் உழைத்தவர்கள் நாம். நாமே உண்டாக்கிய பிரிவை யாரிடம் இறக்கிவைப்பது?

கல்யாணத் தரகர் முதலில் கேட்பது சாதியை. ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்பது அதற்கு அப்புறம் வரும் கேள்வி, அதையும் சமாளித்துக்கொள்ளலாம் என்பார். எங்கள் அப்பா அம்மா கல்யாணத்தைச் சபை ஒற்றுமைக்கு உதாரணமாக நானே பல வருடம் பேசியிருக்கிறேன். உண்மையில் அவர்களைச் சேர்த்துவைத்தது சாதி. அதே ஊரில், ஒரே கோயிலில், ஒரே பாத்திரத்திலிருந்து நன்மை என்னும் திருவிருந்து அப்பம் வாங்கும் இரண்டு சாதிப் பிள்ளைகள் கல்யாணம் செய்ய ஆசைப்பட்டால் ஊரே எழும்புகிறது. சபையைத் தாண்டலாம், சாதியைத் தாண்டக்கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதியில்லை, ஆனால் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறோம்.

வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். புனித தேவசகாயம் 1745இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அதே ஊரில் 19ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலில், பீடம் ஒன்று, அதை நோக்கி வரும் பகுதிகள் இரண்டு, நடுவில் சுவர், சாதிக்கு ஒரு பக்கம். 1910இல் ஒரு பங்குச் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஒரு சுவரை இடிக்க ஒரு சாமியாரின் துணிச்சல் அன்று போதுமானதாக இருந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்த சுவரைப் பற்றி எத்தனை முறை செய்தி வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் 10ஐ நீங்கள் எல்லாச் சபையாரும் சேர்ந்து கருப்பு நாளாக அனுசரிக்கிறீர்கள். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950ஆம் ஆண்டு ஆணையை எதிர்க்கிறீர்கள். சரியான போராட்டம், நானும் வந்து நின்றிருக்கிறேன். அதே மக்கள் சாயங்காலம் ஊருக்குத் திரும்பினால், செத்த பிறகு தங்களுக்கு எந்த மூலை என்று அவர்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் கல்லறையைத் திறக்கச் சொல்லிக் கேட்கும்போது, உள்ளே நிற்கும் சுவரையும் சேர்த்தே கேட்கிறேன். ஒரே சாதிக்குள் ஆர்.சி.க்கும் சி.எஸ்.ஐ.க்கும் கேட்டைத் திறந்துவிட்டு அதை ஒன்றிப்பு என்று சொன்னால், என் அப்பாவுக்கு இடம் கிடைத்திருக்கும். ஆனால் அதை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வந்திருக்காது.

ஒரே நிர்வாகம், ஒரே தலைமை என்ற மகா சபை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1947இல் ஒன்றான சபையிலேயே ஒரு பேராயரின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்தின் தேர்தல் எப்படி நடக்கிறது என்று பார்க்கிறோம். அணி பிரிந்து, சொத்துக்காக நீதிமன்றம் ஏறி, ஓய்வுபெற்ற நீதிபதிகள் வந்து நிர்வாகம் பார்க்கும் நிலைவரை போனதை அம்மா அழுதுகொண்டே பேப்பரில் படித்திருக்கிறார்.

ஒரே திருவிருந்தையும் இப்போதைக்கு நான் கேட்கவில்லை. அம்மா கோயிலுக்கு எங்களோடு வந்த நாட்களில், நன்மை கொடுக்கும் நேரத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். அது எங்களுக்கு வலித்தது. ஆனால் குருத்துவம், அப்பத்தில் ஆண்டவரின் பிரசன்னம் என்று அங்கே இருப்பவை உண்மையான கேள்விகள். அவற்றை அவசரமாகப் பூசி மெழுகுவதைவிட நேர்மையாக வேறுபடுவது நல்லது.

ஆனால் திருமுழுக்கு அப்படியில்லை. தண்ணீரும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரும் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றுதான். ஜெர்மனியின் மாக்டெபுர்க் கதீட்ரலில் 2007 ஏப்ரல் 29 அன்று கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், புராட்டஸ்தாந்து என 11 சபைகள், ஒருவர் கொடுக்கும் திருமுழுக்கை மற்றவர் ஏற்கிறோம் என்று எழுதிக் கையெழுத்திட்டன. இங்கேயும் பல இடங்களில் நடைமுறையில் ஏற்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அன்றைக்கு அந்தக் கமிட்டி அறையில் எடுத்துக் காட்ட எங்கள் கையில் ஒரு தாளும் இல்லை. கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பின் 1183ஆம் எண்ணிலேயே, பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவருக்கு, அவர் விருப்பத்துக்கு மாறாக இல்லாவிட்டால், அவருடைய சபைக் குரு கிடைக்காத நிலையில், ஆயரின் விவேகப்படி அடக்கச் சடங்கு நடத்தலாம் என்று இருக்கிறது. அவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். இன்னும் ஓர் அடி வையுங்கள். கணவனும் மனைவியும் வேறுவேறு சபையில் திருமுழுக்குப் பெற்றவர்களாக இருந்தால், இருவரில் யாருடைய கல்லறைத் தோட்டத்திலும் இருவரையும் பக்கத்தில் வைக்கலாம், சடங்கை அவரவர் சபைக் குருவே வந்து நடத்தலாம் என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பக்கம் எழுதி, ஊர்ச்சபைகளான எல்லாச் சேகரத்துக்கும் பங்குக்கும் அனுப்புங்கள். சந்தா பாக்கி இருந்தால் பிள்ளைகள் கட்டிவிடுகிறோம்.

பெந்தெகொஸ்தே பாஸ்டர்மாரே, உங்களிடம் கொஞ்சம் வேறு மாதிரி பேச வேண்டியிருக்கிறது. என் தம்பி உங்கள் சபை ஒன்றில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டான். அப்படியென்றால் சின்னதில் உனக்குக் கொடுத்தது ஞானஸ்நானம் இல்லையா என்று அம்மா கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை. விசுவாசித்த பிறகுதான் முழுக்கு என்பது உங்கள் மனச்சாட்சி. மாக்டெபுர்க்கிலும் பாப்டிஸ்ட் சபைகள் அதனால்தான் கையெழுத்திடவில்லை. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மற்ற சபையில் இருப்பவர்கள் இன்னும் கிறிஸ்துவை அறியாதவர்கள் என்று மேடையில் பேசுவதை மட்டும் நிறுத்துங்கள். என் அம்மா அறிந்திருந்தார். பெரிய சபைக்காரர்களே, உங்களிடமும் ஒன்று. பல ஊர்களில் இவர்களுக்குப் புதைக்க இடமே இல்லை. நம் தோட்டங்களில் கேட்டு வந்து நிற்கும்போது நாம் அவர்களை எப்படி நடத்தியிருக்கிறோம் என்று யோசியுங்கள். தம்பிக்கு எங்கே இடம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அப்பாவின் கடைசி மாதங்களில் ராத்திரி ஜெபத்துக்கு நான் பக்கத்தில் இருந்தேன். பழக்கப்படி ஆமென் சொல்லி நிறுத்துவார். கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்புறம் அம்மாவின் வரியை அவரே சொல்வார், ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று முழுதாக. முடித்துவிட்டு இரண்டாவது ஆமென்.

உங்கள் அடுத்த கூட்டத்துக்கு முன்னால் யாராவது ஒருவர் எங்கள் ஊருக்கு வாருங்கள். நான் ரயிலடிக்கு வந்து அழைத்துப்போகிறேன். முதலில் அப்பாவிடம், பிறகு அங்கிருந்து நடந்தே அம்மாவிடம். அவர் பக்கத்து இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
சேகரத்துக்கும் பங்குக்கும் பிறந்த ஒரு பிள்ளை